பேப்பரில் வந்த பர்மாக்காரி

அப்பா பர்மாவிலிருந்து வந்து இறங்கிய அன்று, காரைக்குடி ஸ்டேஷனில் நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். மெட்ராஸ் ரயிலின் கடைசிப் பெட்டிவரை பார்த்துவிட்டு, இந்த வண்டியிலும் வரவில்லை என்று திரும்பியபோது, தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த பெரிய சட்டை தோளிலிருந்து வழிந்து கிடந்தது. கன்னத்தில் சதையே இல்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அப்பா என்று தெரிந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அது அறுபத்து நான்காம் வருஷத்தின் கடைசி. அந்த வருஷம்தான் பர்மாவில் கடைகண்ணிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் குடும்பம் சாக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே ஒரு செட்டியார் வீட்டு இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்ள பர்மாவுக்குப் போனவர். ரங்கூனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் கடை. கடைக்கு மாடியிலேயே குடியிருப்பு. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நானும் அம்மாவும் காரைக்குடியில் இருந்தோம். நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

வந்த முதல் வாரம் அப்பா அதிகம் பேசவில்லை. சாப்பிட்டார், தூங்கினார். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தார். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

ஒரு காலையில் பட்டாளத்துக்காரர்கள் வந்து, சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போ என்றார்களாம். போட்டிருந்த செருப்போடு வெளியே வந்தார். கடையும் போயிற்று, படுக்கிற இடமும் போயிற்று. கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரங்கூனில் ஒரு கோவில் வளாகத்தில் நம் ஜனங்கள் மழையில் கிடந்தார்கள். வயிற்றுப்போக்கு. காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்திருக்க மாட்டார். கப்பல் ஏறும்போது சுங்கத்துக்காரர்கள் பெண்களின் கழுத்தில் கிடந்த தாலியைக்கூடக் கழற்றிக்கொண்டார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்துகொண்டு அவர்கள் ஏறினார்கள்.

இதையெல்லாம் அப்பா அழாமல் சொல்வார். ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தடைபடும். அவர் தேவகோட்டைக்காரர். அப்பாவோடு அதே கடையில் வேலை பார்த்தவர். காலில் ஆறாத புண் வைத்து, நடக்க முடியாமல் போனதால் கப்பலுக்கு வர முடியவில்லை.

"அவரை அங்குட்டே போட்டுட்டு வந்துட்டேன்," என்பார். "என் மாதிரி ஆளுகளுக்கே இடம் கிடைக்கல. படுத்த படுக்கையா இருக்கவுகளை ஏத்த ஆஸ்பத்திரிக் கப்பல் மாதிரி ஏதாச்சும் விட்டாத்தான் உண்டு. இங்குட்டு உள்ளவுக கேட்டாத்தானே விடுவாக. இங்குட்டு உள்ளவுகளுக்கு ஒண்ணுமே தெரியலையே."

தெரியவில்லை என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. காரைக்குடியில் பர்மாவைத் தெரியாத ஆள் யார்? தெருவுக்கு நாலு வீடு ரங்கூன் காசில் எழும்பியது. ஆனால் அப்பா படிப்பகத்துக்குப் போய் மதுரையிலிருந்து வரும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அந்தச் சமயம் மதுரைக் கோர்ட்டில் ஒரு நாடக நடிகைக்கும் ஒரு மில் முதலாளிக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எந்த ஓட்டலில் தங்கினார்கள், ரூம் பையன் என்ன பார்த்தான், அவள் என்ன நிறப் புடவையில் கோர்ட்டுக்கு வந்தாள் என்று தினம் ஒரு முழுப் பக்கம். பேப்பர் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஜனங்கள் காத்து நின்றார்கள். என் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் அதைத்தான் படித்தார்கள். பொய் சொல்வானேன், நானும் படித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேப்பருக்கு ஏஜென்டாக இருந்தவரே எங்கள் பகுதிக்கு நிருபரும். எங்கள் தெருக்காரர். அவருடைய தங்கைக்கு நான் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பெண் பாஸாகியிருந்தாள். அம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போய் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"இதைக் கேக்கணுமா டீச்சர்? நானே வரணும்னு இருந்தேன்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அப்பா முகம் கழுவி, வெளுத்த வேட்டி கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் நிதானித்துச் சொன்னார். நிருபர் குறுக்கே பேசவில்லை. கோவில் வளாகத்தைப் பற்றிச் சொன்னபோது தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

கடையை விட்டு வெளியேற்றிய பிறகு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். அப்பா ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னார். கடைக்கு எதிரே, சேமியா மாதிரி ஒன்றில் மீன் குழம்பு ஊற்றி விற்கிற பர்மாக்காரி. தெருவில் நின்ற இவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவள். அப்பா, தேவகோட்டைக்காரர், பிள்ளைகுட்டியோடு ஒரு ராமநாதபுரத்துக் குடும்பம் எல்லாரும், அப்பா கப்பலுக்காக ரங்கூன் போகும்வரை, அவள் வீட்டில்தான் இருந்தார்கள். இந்தியாக்காரர்களை வைத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் கல்லெறிந்தும் அவள் போகச் சொல்லவில்லை. பர்மாப் பேச்சில் அக்காவுக்கு 'அமா' என்று பெயர். அப்பா அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"அந்தம்மாவுக்குப் புருஷன்?" என்று நிருபர் கேட்டார்.

"செத்துட்டாரு. ஜப்பான் சண்டைக் காலத்திலேயே."

"வயசு என்ன இருக்கும்?"

"எனக்கு மூத்தவுக."

"பார்க்க எப்புடி இருப்பாக?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருப்பாக," என்றார்.

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விகளில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. போகும்போது நிருபர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெட்ராஸ் வரைக்கும் கேக்குற மாதிரி எழுதிருவோம் அண்ணே," என்றார். அப்பா அன்று மாலை நன்றாகச் சாப்பிட்டார். தேவகோட்டைக்காரரின் மனைவிக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பேப்பரில் வரப்போகிறது, பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள் என்று.

அது வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இடைவேளையில் டீச்சர்கள் அறைக்குள் நுழைந்ததும் ஒரு டீச்சர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. இன்னொருத்தி, "கொடுத்துருடி, எப்புடியும் பாக்கத்தானே போறாக," என்றாள்.

முதல் பக்கம். நடிகை வழக்குக்கு நேர் கீழே. 'பர்மா அழகியின் வீட்டில் காரைக்குடிக்காரர். அகதிகள் அலைந்தபோது அந்தரங்க வாசம்.' கீழே, விதவை என்றும், அழகி என்றும், ஊர் எதிர்ப்பை மீறி அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள் என்றும், கல்லெறி விழுந்தும் அந்த உறவு அறுபடவில்லை என்றும் எழுதியிருந்தது. 'அவர் அவளைச் செல்லமாக அமா என்று அழைப்பார்' என்று ஒரு வரி. அப்பா பெயர் இல்லை. இரும்புக் கடையில் இருந்தவர், சமீபத்தில் திரும்பியவர், மகள் டீச்சர் என்று எல்லாம் இருந்தது. கோவில் வளாகம் இல்லை. தாலி இல்லை. தேவகோட்டைக்காரர் இல்லை. ராமநாதபுரத்துக் குடும்பமும் அதன் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்ததாகவே இல்லை.

நான் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா படிப்பகத்திலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"நான் பேசினது தமிழ்தானே?"

அம்மாவுக்கு வேகமாகப் படிக்க வராது. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள்.

"வேணாம்மா. பூராம் பொய்."

"பொய்யா இருந்தா வாசிக்கிறதுக்கு என்ன?"

வாசித்தேன். அமா என்ற வரி வரும்போது தாண்டப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அதையும் வாசி," என்றாள். முடித்ததும் எழுந்து அரிசி களையப் போனாள். அன்று அப்பாவுக்குத் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவரிடம் பேசவில்லை. நான் சண்டை போட்டேன். நீயும்தானே அன்றைக்கு நின்று கேட்டாய் அம்மா, அவர் சொன்னதை எல்லாம் உன் காதால்தானே கேட்டாய் என்றேன்.

"கேட்டேன். அவுக சொன்னது எனக்கு. அச்சுல வந்தது ஊருக்கு. ஊரு எதை நம்பும்?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நல்லா இருப்பாகன்னு சொன்னாகள்ல," என்றாள்.

அப்பா திரும்பி வந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது வந்தார்கள். உட்கார்ந்து, அம்மா அந்தப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "பர்மாவுல அப்புறம் எப்புடி?" என்று சிரித்தபடி கேட்டார்கள். முடிவெட்டும் கடையில் உரக்க வாசித்தார்களாம். கூடுதல் கட்டு வரவழைத்தும் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இவ்வளவு பேர் பர்மா என்ற சொல்லை அந்த ஒரு வாரத்தில் வாயில் போட்டு மென்றார்கள். ஒருவர்கூட, அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவில்லை.

அப்போது எனக்குக் கண்டரமாணிக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. அவர்கள் ஆள் விட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டேனா என்று இப்போது நினைவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

தேவகோட்டைக்காரரின் மனைவி வந்தது அந்த நாட்களில்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வீடு விசாரித்து, வாசலில் நின்றாள். அம்மா வயதுதான். கையில் அந்தப் பேப்பர். அவளைப் பார்த்ததும் அம்மா முகம் இறுகிவிட்டது. இவளும் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

அந்த அம்மாள் அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள்.

"அண்ணே, இதுல வரும்னு சொல்லி விட்டீகளே. எம் மகனை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிப் பாத்தேன். அவுகளைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. வேற நாள் பேப்பர்ல வந்துச்சா? நான் தப்பிப் பாத்துட்டேனா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான், எங்கேயும் வரவில்லை என்று சொன்னேன்.

அவள் அந்தத் தலைப்பின்மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"இந்தம்மா வீட்டுலதானே அவுகளும் இருக்காக?"

"ஆமா தாயி."

"இன்னமும் வச்சிருக்காகளா? நீங்க வந்த பெறகும்?"

"வச்சிருப்பாக. விரட்ட மாட்டாக."

"சோறு போடுறாகளா அண்ணே? கால் முடியாதவுகளுக்கு யாரு எடுத்துக் குடுக்குறா?"

அப்பா சொன்னார். காலையில் கடைக்குப் போகும் முன் அந்தப் பர்மா அம்மாள் வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவிவிட்டுப் போவாள் என்று. நம் ஆளுக்கு மீன் வாடை பிடிக்காது என்பதால் அவருக்கு மட்டும் தனியாகப் பருப்புக் கடைவாள் என்று. அரிசி கிடைக்காத வாரத்தில் தன் பங்கைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்வாள் என்று. தேவகோட்டை அம்மாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டாள். அழுதுகொண்டே, "மகராசி, மகராசி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுப்படி நிலையில் அம்மா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அப்பா முடித்ததும் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். இன்னொரு டம்ளரில் ஊற்றி அப்பாவுக்கு நீட்டினாள்.

"பருப்புக் கடையிற விசயத்தை எங்கிட்டச் சொல்லவே இல்லையே," என்றாள்.

"கேக்கலையே நீ," என்றார் அப்பா.

அவர்கள் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தது அந்தப் பேச்சில்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழையபடி ஆகவில்லை. அச்சில் வந்ததை நம்பிய சில வாரங்கள் அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டே இருந்தன. அம்மா அதற்காக அப்பாவிடம் எதுவும் சொல்லவும் இல்லை, அப்பா அவளிடம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை.

தேவகோட்டை அம்மாளைச் சும்மா அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நிருபரைத் தேடிப் போனேன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"என்னை என்ன செய்யச் சொல்றீக டீச்சர். நான் எழுதிக் குடுத்தது பூராம் வேற. மதுரையில உக்காந்து வெட்டி ஒட்டிட்டாக. எனக்கே பாத்ததும் நெஞ்சு பதறிப்போச்சு."

நான் நம்பினேன். நம்பியதால் அடுத்த சனிக்கிழமை தேவகோட்டை அம்மாளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். பேப்பர் ஆபீஸ் மாடியில் இருந்தது. உதவி ஆசிரியர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தேவகோட்டை அம்மாள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கண்கூடக் கலங்கியது அவருக்கு.

"கோவில் வளாகம், தாலி எல்லாம் எங்களுக்கு வரவே இல்லையேம்மா," என்றார். "உங்க ஊர்க்காரர் அனுப்பினது அந்தப் பொம்பளை சமாச்சாரம் மட்டும்தான். நல்லா இருக்குன்னு நாங்களே இன்னும் கேட்டு வாங்கினோம்."

நெஞ்சு பதறிப்போச்சு என்ற நிருபரின் குரல் அப்போதும் காதில் இருந்தது.

"சரி, இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே. இப்பப் போடலாமே," என்றேன்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "திங்கக்கிழமை அந்த நடிகையை விசாரிக்கிறாங்க. ஒரு வாரத்துக்கு இடமே இருக்காது. பர்மான்னு போட்டா யாரும்மா வாங்குவா? தப்பா நினைக்காதீங்க. அது ரொம்பத் தூரத்துல நடக்கிற விஷயம்."

தேவகோட்டை அம்மாள் எழுந்து நின்று, "தூரம்னுதான் சாமி உங்ககிட்ட வந்தோம்," என்றாள். அன்று மாலை பஸ்ஸில் காரைக்குடிக்குத் திரும்பினோம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நிருபரைப் பார்த்தேன். கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார். மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை.

"நீங்க படிச்சவுக டீச்சர், சொல்லுங்க. நான் கோவில்ல சனம் சாகுதுன்னு அனுப்பியிருந்தா அது வந்திருக்குமா? வராது. நான் அனுப்பிப் பாத்திருக்கேன், வரல. இது வந்துச்சு. பர்மான்னு ஒரு ஊரு இருக்குங்கிறதாவது நாலு பேருக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா?"

"எங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டுத்தானே சொல்லிட்டுப் போனீக," என்றேன்.

"அண்ணன் பேரைப் போடலையே நான்," என்றார். தான் செய்த உபகாரத்தைச் சொல்வது போலவே சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அப்பா பேசியதை அப்படியே போட்டிருந்தால் எங்கள் ஊர் ஒரு கட்டுகூடக் கூடுதலாக வாங்கியிருக்காது. என்னோடு வேலை பார்த்தவர்களும் நானும் தினம் காத்திருந்து வாங்கியது எதை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதரை மன்னிக்க அது போதுமானதாக இல்லை.

வருஷம் திரும்பி, இன்னும் சில மாதம் கழித்து, பின்னால் வந்த ஒரு கப்பலில் ராமநாதபுரத்துக் குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் வழியாகச் செய்தி வந்தது. தேவகோட்டைக்காரர் போய்விட்டார். புண் மேலேறி, காய்ச்சல் வந்து, அந்தப் பர்மா அம்மாள் வீட்டிலேயே போய்விட்டார். நம் ஆட்களில் தூக்கக்கூட ஆண்பிள்ளை போதாமல், பர்மாக்காரர்களே கூடத் தூக்கியிருக்கிறார்கள். கொள்ளி வைத்தது அந்த அம்மாள்.

தேவகோட்டையில் கருமாதிக்கு நாங்கள் மூவரும் போனோம். அம்மாதான் முதலில் கிளம்பினாள். கூட்டம் குறைவு. சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது நிருபர் வந்தார். துக்கம் கேட்கிறவர் மாதிரித்தான் வந்து உட்கார்ந்தார். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நிருபர் கொஞ்ச நேரம் கழித்து, மெதுவான குரலில் தேவகோட்டை அம்மாளிடம் கேட்டார்.

"கொள்ளி வச்சது அந்தப் பர்மாப் பொம்பளைன்னு பேசிக்கிறாக. அப்புடியா ஆச்சி?"

அம்மா கையில் இருந்த கரண்டியோடு திரும்பினாள். தேவகோட்டை அம்மாள் அவளைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, நிருபரைப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"அப்புடித்தான் தம்பி. எழுதிக்கங்க. நான் வைக்கல, எம் மகன் வைக்கல. அவுகதான் வச்சாக. எம் புருஷன் புண்ணைக் கழுவினதும் அவுகதான். அதையும் எழுதிக்கங்க. கப்பல் வந்திருந்தா அவுக வச்சிருக்க வேண்டியதில்லைன்னு எழுதுங்க. எம் பேரைப் போடுங்க. ஊரு, தெரு, வீடு எல்லாம் சரியாப் போடுங்க. நான் எங்குட்டும் ஓடி ஒளிய மாட்டேன்."

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிடாமலே போனார். அடுத்த பத்துப் பதினைந்து நாள் நான் பேப்பரை விடாமல் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிட்ட பிறகு அதில் அவருக்கு எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது போல.

அப்பா அதற்குப் பிறகு வெளி ஆட்களிடம் பர்மாவைப் பற்றிப் பேசியதே இல்லை. சாக்கோட்டையில் இருந்த கொஞ்ச நிலத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்த்ததால் பேச்சு அங்கே எட்டவில்லை. லீவுக்கு மட்டும் ஊருக்கு வருவேன்.

எழுபத்தொன்றில் அப்படி ஒரு லீவில் வந்திருந்தபோது நிருபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்குச் சொந்தமாகவே ஒரு பத்திரிகை. தலை நரைத்து, பெரிய மனிதராகியிருந்தார். தீபாவளி மலருக்கு 'பர்மா நினைவுகள்' என்று ஒரு பகுதி போடப்போகிறாராம். அந்தக் காலத்துச் செல்வம், கப்பல் பயணம், கோவில் திருவிழா இதையெல்லாம் அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். வாசகர்கள் இப்போது விரும்பிப் படிக்கிறார்களாம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "இப்ப கெழக்க வங்காளத்துச் சனம் எல்லை தாண்டி ஓடியாருதே. குழாய்க்குள்ள குடும்பம் நடத்துறாகன்னு ரேடியோவுல சொன்னான். அதைப் போடுறீகளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் டில்லி சமாச்சாரம் அண்ணே. நம்ம பக்கத்துல யாரு படிப்பா?"

அப்பாவின் முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "சரி, போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்தான் வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம், "பேசாட்டிப் பரவாயில்லை டீச்சர். அண்ணன் பர்மாவுல எடுத்த போட்டா ஒண்ணு இருந்தாக் கொடுங்க. கடை முன்னாடி நிக்கிற மாதிரி. நான் பத்திரமாத் திருப்பித் தந்துர்றேன்," என்றார்.

போட்டோ எதுவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார். எல்லாவற்றையும் ரங்கூன் துறைமுகத்தில் சுங்கத்துக்காரர்கள் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்றேன். அப்படியா, இது தெரியாதே என்றார். முன்பு அவர் கேட்டு எழுத வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கூடத்தில், அப்பா அதை அவரிடம் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.